மனையை வாங்கி வைக்காத கம்பெனி: வீடு கட்டுவோரின் சரக்குச் சுழற்சி பற்றி ஒரு குறிப்பு

அமெரிக்காவில் வீடு கட்டி விற்கும் கம்பெனிகளின் பழைய ஆண்டறிக்கைகளைச் சில வாரங்களாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். 2006-ஆம் ஆண்டில் இரண்டு கம்பெனிகளின் கணக்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. ஒன்று டோல் பிரதர்ஸ், இன்னொன்று என்.வி.ஆர். அந்த ஆண்டு இரண்டின் வருமானமும் ஏறக்குறைய ஒன்றே, 600 கோடி டாலருக்குச் சற்று மேல். ஆனால் ஆண்டு முடிவில் இருப்பில் இருந்த சரக்கு? டோல் பிரதர்ஸிடம் சுமார் 600 கோடி டாலர். என்.வி.ஆரிடம் 100 கோடி டாலருக்கும் கீழே!

வியாபாரம் ஒரே அளவு. சரக்கு மட்டும் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு. இது எப்படி சாத்தியம் என்று தேடிப் போனால், கதை 1992-ல் நடந்த ஒரு திவாலில் போய் நிற்கிறது.

சரக்கு என்றால் என்ன?

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். ஓராண்டில் விற்ற பொருளின் அடக்க விலையை, சராசரியாகக் கையில் இருந்த சரக்கின் மதிப்பால் வகுத்தால் கிடைப்பது சரக்குச் சுழற்சி. இன்வென்ட்டரி டர்ன்ஓவர் என்று பங்குச் சந்தைக்காரர்கள் சொல்வது இதைத்தான். மளிகைக் கடைக்காரர் அரிசி மூட்டையில் போட்ட பணம் ஒரு மாதத்தில் திரும்பி வந்தால், வருஷத்துக்கு 12 சுற்று. நகைக் கடையில் அதே பணம் திரும்ப மாசக்கணக்காகும். அவ்வளவுதான் விஷயம்.

வீடு கட்டும் கம்பெனியில் "சரக்கு" என்று எதைச் சொல்கிறார்கள் என்பதுதான் முக்கியம். பாதி கட்டிய வீடு, கட்டி முடித்து விற்காமல் கிடக்கும் வீடு, சாலையும் சாக்கடையும் போட்டுத் தயாரான மனை, இன்னும் அனுமதியே வராத வெறும் நிலம், எல்லாமே சரக்குதான். அந்த நிலத்தைச் சீர்படுத்தி வீடு கட்டும் காலத்தில் கடனுக்குக் கட்டிய வட்டியும் பெரும்பாலும் சரக்கின் மதிப்பிலேயே போய்ச் சேரும். செலவாக உடனே கண்ணில் படாது.

ஒரு வீட்டைக் கட்டி முடிக்கச் சில மாதங்கள் போதும். நிலத்தை வாங்கி, அனுமதி பெற்று, மனையாகப் பிரித்து முடிக்க ஆண்டுகள் ஆகும். ஆக, இந்தத் தொழிலில் சரக்குச் சுழற்சி காட்டுவது கொத்தனாரின் வேகத்தை இல்லை. கம்பெனி எவ்வளவு நிலத்தை, எத்தனை காலம், தன் பணத்தில் சுமக்கிறது என்பதை.

வேகம் மட்டும் போதாது

கட்டும் வேகத்தில் உச்சம் தொட்டவர் வில்லியம் லெவிட். நியூயார்க் அருகே லாங் ஐலண்டின் உருளைக்கிழங்கு வயல்களில் 1947 முதல் 1951 வரை 17,000-க்கும் மேற்பட்ட வீடுகளை அவரது கம்பெனி கட்டியது. வேலையை 20-க்கும் மேற்பட்ட படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் ஒரு குழு. கார் தொழிற்சாலையில் கார் நகரும். இங்கே வீடு நின்ற இடத்தில் நிற்க, ஆட்கள் நகர்ந்தார்கள். உச்சத்தில் ஒரு நாளைக்கு 30 வீடுகள்! போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்கு அரசு உத்தரவாதத்துடன் கடன் கிடைத்ததால் வாங்கவும் ஆள் வரிசையில் நின்றது.

1968-ல் லெவிட் தன் கம்பெனியை ஐ.டி.டி. நிறுவனத்துக்கு விற்றுவிட்டார். பெயர் கைமாறிக் கைமாறிக் கடைசியில் ஃப்ளோரிடாவுக்குப் போனது. 2007 நவம்பரில் லெவிட் அண்ட் சன்ஸ் திவால் மனு கொடுத்தது. வேகமாகக் கட்டுவது எப்படி என்பதை அதற்குள் ஊரே கற்றுக்கொண்டிருந்தது. நிலச் சுமையை எப்படிக் கையாளுவது என்பது வேறு பாடம். அதைச் சிலரே கற்றிருந்தார்கள்.

திவால் சொல்லிக்கொடுத்தது

டுவைட் ஷார் என்பவர் 1980-ல் வடக்கு வர்ஜீனியாவில் என்.வி. ஹோம்ஸ் என்ற கம்பெனியைத் தொடங்கினார். முன்பு அவர் வேலை பார்த்தது ரையன் ஹோம்ஸில், 1948-ல் பிட்ஸ்பர்க்கில் தொடங்கிய பெரிய கம்பெனி அது. 1986-87-ல் ஷார் அந்தப் பழைய கம்பெனியையே வாங்கிவிட்டார். சின்ன மீன் பெரிய மீனை விழுங்கிய கதை. விழுங்கியது கடன் பணத்தில்.

அடுத்த சில ஆண்டுகளில் வீட்டுச் சந்தை படுத்தது. 1990-91 பொருளாதார மந்தம், கூடவே சேமிப்பு வங்கிகளின் சரிவு. வீட்டு விற்பனை நின்றாலும் கடனுக்கான வட்டி நிற்காது. வாங்கிப் போட்ட நிலம் விலை இறங்கும், ஆனால் அதற்காக வாங்கிய கடன் இறங்காது. 1992 ஏப்ரலில் என்.வி.ஆர். மஞ்சள் கடுதாசி நீட்டியது. கடன்காரர்களுடன் உடன்பாடு முடிந்து 1993 செப்டம்பரில் வெளியே வந்தது.

வெளியே வந்த கம்பெனி தொழிலையே மாற்றிக்கொண்டது. நிலத்தை வாங்கி மேம்படுத்தும் வேலையைப் பெரும்பாலும் மற்றவர்களிடம் விட்டது. அவர்கள் தயார் செய்யும் மனைகளைக் குறிப்பிட்ட விலைக்கு வாங்கும் உரிமையை மட்டும் ஒப்பந்தம் போட்டு வைத்துக்கொண்டது. அதற்குக் கொடுக்கும் முன்பணம் பொதுவாக மனை விலையில் 10 சதவீதம் வரை. சந்தை சரிந்தால் முன்பணத்தை விட்டுவிட்டு விலகிக்கொள்ளலாம். வீடும் அப்படித்தான். வாங்குபவர் கையெழுத்துப் போட்ட பிறகே பெரும்பாலும் கட்டத் தொடங்குவார்கள். சுவர்ச் சட்டங்களையும் கூரைத் தாங்கிகளையும் சொந்தத் தொழிற்சாலையில் செய்து லாரியில் கொண்டுவந்து பொருத்துவார்கள்.

இதற்கு விலை உண்டு. நிலத்தின் விலை ஏறும்போது வரும் லாபத்தில் பெரும்பகுதி மேம்பாட்டாளருக்குப் போய்விடும். பூம் காலத்தில் நிலம் வைத்திருப்பவனின் மார்ஜின் பெரிதாகத் தெரியும். ஆனால் முதலீட்டின் மீதான வருவாய் என்பது மார்ஜினையும் சுழற்சியையும் பெருக்கினால் வருவது. கற்பனையாக ஒரு கணக்கு: விற்ற வீட்டின் அடக்க விலை மீது 30 சதவீத லாபம், ஆனால் பணம் வருஷத்துக்கு முக்கால் சுற்றுதான் என்றால், சரக்கில் போட்ட 100 டாலருக்கு 22.50 டாலர் கிடைக்கும். லாபம் 15 சதவீதம்தான், ஆனால் 5 சுற்று என்றால் 75 டாலர்.

2008: பரீட்சை

2006 கணக்கில் டோலின் சுழற்சி ஒரு சுற்றுக்கும் கீழே. என்.வி.ஆருக்கு ஆறு சுற்றை ஒட்டி. பிறகு சந்தை சரிந்தது. 2005-ல் அமெரிக்காவில் 20 லட்சத்துக்கும் மேல் வீடுகள் கட்டத் தொடங்கினார்கள். 2009-ல் சுமார் 5.5 லட்சம்.

பல்ட்டி 2007-ல் இழந்தது சுமார் 226 கோடி டாலர். லென்னார் அதே ஆண்டு சுமார் 194 கோடி. டி.ஆர். ஹார்ட்டன் 2008 நிதியாண்டில் சுமார் 263 கோடி. இந்த நஷ்டத்தில் பெரும்பகுதி நிலத்தின் மதிப்பைக் குறைத்து எழுதியதால் வந்தது. லென்னார் 2007 கடைசியில் புத்தக மதிப்பு சுமார் 130 கோடி டாலராக இருந்த மனைகளை, மார்கன் ஸ்டான்லியுடன் சேர்ந்து உருவாக்கிய கூட்டு நிறுவனத்துக்கு 52.5 கோடிக்குக் கொடுத்தது. டாலருக்கு 40 காசு!

என்.வி.ஆரும் தப்பவில்லை. ஒப்பந்தங்களை விட்டு விலகியதில் கோடிக்கணக்கான டாலர் முன்பணம் போனது. ஆனால் போனது முன்பணம்தான், முழு நிலம் இல்லை. 2008-லும் சுமார் 10 கோடி டாலர் லாபம் காட்டியது. அந்தச் சரிவில் ஒரு வருஷம்கூட அது நஷ்டத்தில் முடியவில்லை.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டோல் பிரதர்ஸும் அழியவில்லை. 2008 முதல் 2010 வரை மூன்று நிதியாண்டுகள் நஷ்டம் பார்த்தாலும், கையில் ரொக்கம் இருந்ததால் தாக்குப்பிடித்தது. அவர்கள் கட்டுவது ஆடம்பர வீடுகள். அனுமதி கிடைக்க ஆண்டுகள் ஆகும் ஊர்களில் நிலத்தை முன்கூட்டியே பிடித்து வைப்பதுதான் அவர்களின் பலமே. ஆகவே குறைந்த சுழற்சியைப் பார்த்ததும் மோசமான கம்பெனி என்று முடிவு கட்டக்கூடாது. அதோடு எவ்வளவு கடன், எவ்வளவு ரொக்கம் என்று சேர்த்துப் பார்க்கணும்.

எண் பொய் சொல்லும் இடங்கள்

இந்த வரலாற்றிலிருந்து நான் குறித்துவைத்திருக்கும் எச்சரிக்கைகள் மூன்று.

ஒன்று, மதிப்புக் குறைப்பு. நிலத்தை 100-லிருந்து 40-க்குக் குறைத்து எழுதியதும் வகுக்கும் எண் சுருங்கிவிடும். சுழற்சி திடீரென்று கூடும். மலிவாக எழுதிய நிலத்தில் கட்டும் வீட்டுக்கு அடுத்த வருஷம் மார்ஜினும் கூடும். தொழில் திருந்தியதாகத் தோன்றும். உண்மையில் நஷ்டம் முந்தைய வருஷக் கணக்கோடு போய்விட்டது, அவ்வளவுதான். ஆகவே ஐந்தாறு வருஷக் கணக்கைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இரண்டு, பூம். விற்பனை சூடாக இருக்கும்போது எல்லோருடைய சுழற்சியும் நன்றாகத்தான் இருக்கும். அந்த நேரத்தில் சொந்த மனை எத்தனை, ஒப்பந்த மனை எத்தனை, இப்போதைய விற்பனை வேகத்தில் அது எத்தனை வருஷத்துக்கு வரும், ஆள் வராமல் கட்டி வைத்த வீடு எத்தனை என்று பார்க்க வேண்டும். இந்த விவரம் ஆண்டறிக்கையின் உள்பக்கங்களில் இருக்கும்.

மூன்று, நிலத்தை நகர்த்தி வைப்பது. என்.வி.ஆரின் வழியை இப்போது மற்றவர்களும் பின்பற்றுகிறார்கள். டி.ஆர். ஹார்ட்டன் 2017-ல் மனை மேம்படுத்தும் ஃபாரஸ்டார் கம்பெனியின் 75 சதவீதப் பங்கை வாங்கியது. லென்னார் 2025 பிப்ரவரியில் சுமார் 550 கோடி டாலர் நிலத்தை மில்ரோஸ் என்ற தனிக் கம்பெனியாகப் பிரித்துவிட்டது. மில்ரோஸின் நிலத்தை எடுத்துக்கொள்ளும் உரிமைக்காக லென்னார் மாதாமாதம் கட்டணம் கட்டுகிறது. பேலன்ஸ் ஷீட்டில் சரக்கு குறையும், சுழற்சி ஏறும். ஆனால் அந்தக் கட்டணம் வட்டி மாதிரிதான். சந்தை சரியும் நாளில் விலகிக்கொள்ள முடியுமா, விலகினால் எவ்வளவு போகும் என்பதுதான் கேள்வி.

என்.வி.ஆர். மற்றவர்களைவிடப் புத்திசாலியாகப் பிறந்த கம்பெனி இல்லை. கடன் வாங்கி நிலத்தைக் குவித்து விழுந்ததும் அதேதான். விழுந்த காரணத்தை மறக்காமல், விலை ஏறிய 2000-களிலும் நிலம் வாங்கும் ஆசைக்கு இடம் கொடுக்காமல் இருந்தது. ஒரு கம்பெனி அடுத்த சரிவில் எவ்வளவு இழக்கக்கூடும் என்று சரிவுக்கு முன்பே ஓரளவு சொல்லக்கூடிய எண்களில் சரக்குச் சுழற்சியும் ஒன்று. வீட்டுக் கம்பெனிப் பங்கு வாங்க நினைப்பவர்கள் லாபக் கணக்கைத் திறக்கும் முன் இதைப் பார்த்துவிடுவது நல்லது.