குமிழில் உள்ள எண்

தோழர்களே, நெய்வேலியில் சுரங்கத்துக்காக வீட்டைக் காலி செய்தபோது நம் மக்கள் பரணில் கிடந்தவற்றையும் இழந்தார்கள். பட்டாளத்துக்குப் போய்வந்த பாட்டனின் கைப்பிரம்பும் அவற்றில் இருந்திருக்கலாம். தப்பிய பிரம்பு எவரிடமாவது இருந்தால், அதன் உலோகக் குமிழைத் துடைத்து எண்ணைப் பார்ப்போம்.

1903இல் கிச்சனர் படைப்பிரிவுகளின் எண்களை மாற்றினார். சென்னைக் காலாட்படையின் பழைய எண்ணோடு 60 கூடியது: 1ஆம் பயனியர் 61 ஆனது, 4ஆம் பயனியர் 64 ஆனது. 1922இல் இவை 1ஆம் மெட்ராஸ் பயனியர் படையில் இணைந்தன. ஆகவே '61 பயனியர்' என்றிருந்தால் அந்தக் குமிழ் 1903க்கும் 1922க்கும் இடைப்பட்டது.

பறையர் பலர் சேர்ந்த படை இது. துப்பாக்கியோடு மண்வெட்டியும் சுமந்து, படை நடக்கச் சாலை போட்டார்கள். 'போர்க்குணம் உள்ள இனங்கள்' என்ற ஆங்கிலேயர் கொள்கை தென்னாட்டுச் சிப்பாய்களைத் தாழ்த்தியது. 1933இல் பயனியர் படையே கலைக்கப்பட்டது.

ஆனால் அதிகாரிகளும் பிரம்பு வைத்திருந்தார்கள். எண் படையைத்தான் காட்டும், ஆளைக் காட்டாது. பிரம்பைப் பிடித்தவர் யார் என்பதை வீட்டு முதியவர்களிடம் கேட்டு, படைவிலகல் சான்றிதழோடு ஒப்பிட்டு, நாம்தான் எழுதிவைக்க வேண்டும். அவர்கள் இருக்கும்போதே கேட்போம்.