ஆடவர் பாலியல் குறைபாடும் மனைவியர் நலமும்

ஆடவருக்கு நேரும் பாலியல் குறைபாடுகள், அவற்றுள்ளும் முக்கியமாக விறைப்புக் குறைபாடும் விந்து முந்துதலும், வெகுகாலம் அவர்களுடைய அந்தரங்க வியாதியாக மட்டுமே கருதப்பட்டு வந்தன. அவை மனைவியின் தேகநலத்தையும் மனநலத்தையும் எவ்விதம் தாக்குகின்றன என்பது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் வைத்திய சாஸ்திரத்தின் கவனத்தைப் பெற்றது.

அமெரிக்காவில் செயிண்ட் லூயிஸ் நகரில் ஆராய்ச்சி நடத்திய மகளிர் மருத்துவர் வில்லியம் மாஸ்டர்ஸும் அவருடைய சகாவான விர்ஜீனியா ஜான்சனும், 1970-ல் வெளியிட்ட நூலில், தம்பதியரில் ஒருவருக்குக் குறை நேர்ந்தால் மற்றவர் அதில் சம்பந்தமற்றவராக இருக்க முடியாதென்று வற்புறுத்தி, இருவரையும் ஒருசேர வரவழைத்தே சிகிச்சை அளித்தனர். ஆரம்ப நாட்களில் உடலுறவையே விலக்கிவிட்டு, எந்தப் பலனையும் எதிர்பாராமல் ஒருவரையொருவர் தொட்டுப் பழகச் சொல்வது அவர்கள் கண்ட முறை. தோற்றுவிடுவோமோ என்ற அச்சம் கணவனை விட்டு நீங்கவும், மனைவி தன் விருப்பத்தை வாய்விட்டுச் சொல்லவும் அதில் இடம் கிடைத்தது.

2005-ல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்றில், கணவருக்கு விறைப்புக் குறைபாடு தோன்றிய பின்னர்த் தங்களுக்கும் வேட்கை, கிளர்ச்சி, உச்சநிலை ஆகியவை குன்றியதாக மனைவியர் தெரிவித்தனர். இதில் மௌனத்துக்குப் பெரும்பங்கு உண்டு. கணவன் வெட்கத்தால் ஒதுங்கிப் படுக்க, காரணம் அறியாத மனைவி தன் அழகு குன்றியதென்றோ அவன் மனம் வேறிடம் சென்றதென்றோ எண்ணி உள்ளுக்குள் குமைகிறாள். பிள்ளைப்பேறு வாய்க்காத நம் குடும்பங்கள் பலவற்றில், கணவனைப் பரிசோதிக்கும் முன்பே பழி முழுவதும் அவள்மேல் விழுவது பெருங்கொடுமை.

விறைப்புக் குறைபாட்டுக்கென 1998-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சில்டெனாஃபில் மாத்திரை பல இல்லங்களில் மகிழ்ச்சியை மீட்டதாயினும், கணவனுக்கு மட்டும் மருந்தளிப்பது அரைகுறைச் சிகிச்சையே ஆகும். மனைவிக்கு மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறைவதால் பெண்ணுறுப்பின் சவ்வு மெலிந்து உலர்கிறது. பல்லாண்டு இடைவெளிக்குப் பின் கணவன் அவளை நாடும்போது வேதனையே மிஞ்சுவதும், அவ்வலியைக் கண்டு அஞ்சிய கணவனுக்குக் குறை மீள்வதும் உண்டு. ஆதலால் வைத்தியர் அவளையும் பரிசோதித்து, வழவழப்புத் தரும் ஜெல்லோ, தேவைப்படின் ஈஸ்ட்ரோஜன் களிம்போ அளிப்பது அவசியம்.

ஆண்குறித் தமனிகளின் விட்டம் ஏறக்குறைய 1 முதல் 2 மில்லிமீட்டர். இதயத் தமனிகளின் விட்டமோ 3 முதல் 4 மில்லிமீட்டர். ஆகவே இரத்தக்குழாய் அடைப்பின் அறிகுறி, மாரடைப்புக்குச் சில ஆண்டுகள் முன்னரே விறைப்புக் குறைபாடாகப் படுக்கையறையில் தென்படலாம். மனைவி கூச்சத்தை விடுத்துக் கணவனை வைத்தியரிடம் அழைத்துச் செல்வது அவன் உயிரையே காக்கக்கூடும். மார்வலிக்கு நைட்ரேட் மருந்து உண்பவர் சில்டெனாஃபிலையும் சேர்த்து உட்கொண்டால் இரத்த அழுத்தம் அபாயகரமாகத் தாழுமாதலால், மருந்துக் கடையில் தாமாகவே அம்மாத்திரையை வாங்கி உண்பது எவ்விதத்திலும் தகாது.