பானை ஓட்டில் எழுதிய பெயர்

கி.மு. 5ஆம் நூற்றாண்டு ஏதென்ஸில் எந்தக் குற்றமும் செய்யாத ஒருவரைப் பத்து ஆண்டுகள் ஊரைவிட்டு அனுப்பிவிட முடியும். வழக்கு இல்லை, சாட்சி இல்லை, தன் தரப்பைச் சொல்ல வாய்ப்பும் இல்லை. ஆனால் வீடும் நிலமும் அவருடையவையாகவே இருக்கும். கெடு முடிந்ததும் திரும்பி வந்து பழையபடி அரசியல் செய்யலாம். வரலாற்று நூல்களில் ‘ஆஸ்ட்ரசிசம்’ என்று வருவது இதுதான்.

ஆண்டுக்கு ஒருமுறை, இந்த ஆண்டு இது வேண்டுமா என்று மக்கள் சபையில் கேட்பார்கள். ஆம் என்றால் சில வாரங்கள் கழித்து நகரின் சந்தைவெளியான அகோராவில் வாக்கெடுப்பு. உடைந்த பானை ஓட்டில் ஒரு பெயரைக் கீறிப் போட வேண்டும். காசில்லாமல் கிடைப்பது ஓடுதான். பாப்பிரஸ் எகிப்திலிருந்து வரவேண்டிய சரக்கு. மொத்தம் 6,000 ஓடுகளாவது விழ வேண்டும் என்கிறார் பண்டைய வரலாற்று எழுத்தாளர் புளூட்டார்க். அதிக ஓடுகள் விழுந்தவர் பத்து நாளில் கிளம்பிவிட வேண்டும்.

இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் ஏதென்ஸ் அரசியல் தலைவர் கிளெய்ஸ்தனீஸ் என்கிறது பழைய மரபு. கொடுங்கோலன் ஹிப்பியாஸை விரட்டிய ஊருக்கு இன்னொருவன் தலையெடுத்துவிடுவானோ என்ற பயம் இருந்தது. மாரத்தான் போரில் பாரசீகப் படையோடு அதே ஹிப்பியாஸ் வந்து நின்றபோது பயம் இன்னும் கூடியது. கி.மு. 487இல் முதல் ஆளாக வெளியேற்றப்பட்ட ஹிப்பார்க்கஸ், ஹிப்பியாஸ் குடும்பத்தின் உறவினர்.

பயத்துக்காகச் செய்த கருவி, போட்டியாளரை ஒழிக்க உதவும் கருவியாக மாற அதிக காலம் பிடிக்கவில்லை. கி.மு. 482இல் அரசியல் தலைவர் அரிஸ்டைடீஸ் போனார். எழுதத் தெரியாத ஒருவன் ஆள் தெரியாமல் அவரிடமே ஓட்டை நீட்டி ‘அரிஸ்டைடீஸ்’ என்று எழுதித் தரச் சொன்னானாம். ஏன் என்று கேட்டதற்கு, எங்கே போனாலும் அவரை நேர்மையானவர் என்று சொல்வதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது என்றானாம். அவரும் மறுபேச்சில்லாமல் எழுதிக் கொடுத்தாராம். இதைச் சொல்லும் புளூட்டார்க் ஐந்து நூற்றாண்டுகளுக்கும் மேல் பிந்தியவர் என்பதால் கதையை அப்படியே நம்பிவிட முடியாது.

மண்ணுக்குள் கிடைத்த சாட்சி இன்னும் சுவையானது. 1937இல் ஏதென்ஸின் அக்ரோபொலிஸ் குன்றின் வடக்குச் சரிவில் ஒரு கிணற்றிலிருந்து ஏறத்தாழ 190 ஓடுகள் வெளிவந்தன. எல்லாவற்றிலும் தெமிஸ்டோக்ளீஸின் பெயர். கையெழுத்தை ஒப்பிட்டால் எழுதியவர்கள் 14 பேர்தான். எதிரணி உட்கார்ந்து முன்கூட்டியே எழுதி, வருகிறவர் கையில் திணிக்க வைத்திருந்த சரக்கு என்றுதான் ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். வாக்காளர் தானே யோசித்துத் தானே எழுதினார் என்ற படம் இங்கே கலைகிறது. சலாமிஸ் கடற்போரில் கிரேக்கத்தைக் காத்த தெமிஸ்டோக்ளீஸும் கடைசியில் இதே முறையில்தான் வெளியேற்றப்பட்டார். பின்னர் பாரசீக மன்னரிடமே அடைக்கலம் புகுந்தார்.

ஓடுகளில் வசவும் உண்டு. ஏதென்ஸ் தளபதி கைமனின் பெயர் எழுதிய ஒன்றில், போகும்போது சகோதரி எல்பினிஸையும் கூட்டிக்கொண்டு போகச் சொல்கிறார் யாரோ. ஊர்வம்பும் வாக்காயிற்று.

கி.மு. 417 வாக்கில் போட்டித் தலைவர்களான நிசியாஸ், அல்சிபயாடீஸ் இருவரில் ஒருவர் போவது உறுதி என்ற நிலை. இருவரும் ரகசியமாகக் கைகோத்து, ஹைப்பர்போலஸ் என்ற மூன்றாமவரின் தலையில் ஓடுகளை விழ வைத்தார்கள். அதன்பின் யாரும் இப்படி வெளியேற்றப்பட்டதாகத் தகவல் இல்லை. ஆனால் சட்டத்தை யாரும் நீக்கவில்லை. அரிஸ்டாட்டிலின் காலத்திலும் அந்தக் கேள்வி ஆண்டுதோறும் சபையில் கேட்கப்பட்டே வந்தது.