நின்று வாசித்த காலமும் நாதஸ்வரச் சக்கரவர்த்தியும்

குழித்துறை, மார்த்தாண்டம் பக்கம் இன்று ஒரு கோயில் திருவிழா என்றால் செண்டை மேளம், சிங்காரி மேளம், பேண்டு செட் என்று களை கட்டிவிடும். அந்தச் சத்தத்துக்கு நடுவே ஒரு ஓரமாக நாதஸ்வரமும் ஒலிக்கும். வாசிப்பவர் யார் என்று பெயர் கேட்பவர்கள் குறைவு. ஆனால் ஒரு நாதஸ்வரக்காரரின் பெயரைச் சொன்னாலே ஊர் திரண்ட காலம் ஒன்று உண்டு.

முதல் உலகப் போர் 1918-ல் முடிந்தது. அடுத்தது 1939-ல் தொடங்கியது. இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் இசைத்தட்டு, வானொலி, பேசும்படம் மூன்றும் பரவின. இசைக்குழுவை நடத்துபவர் முகம் தெரிந்த பிரபலமாக மாறினார். இத்தாலியின் டோஸ்கனினி 1931-ல் பொலோனாவில் பாசிசக் கட்சிப் பாட்டை வாசிக்க மறுத்துத் தாக்கப்பட்டார். அது உலகச் செய்தி ஆனது. 1937 கிறிஸ்துமஸ் அன்று அமெரிக்க வானொலி நிறுவனம் ஒன்று அவருக்காகவே அமைத்த இசைக்குழுவை அவர் முதன்முறையாக நடத்தினார்.

நம் பெரிய மேளமும் ஒரு குழுதான். நாதஸ்வரம், தவில், தாளம், சுருதிக்கு ஒத்து. ஆனால் கையில் குச்சியோடு முன்னால் நின்று நடத்த அதில் தனியாக ஆள் கிடையாது. நாதஸ்வரம் வாசிப்பவரே தலைவர். ராகத்தை எவ்வளவு நேரம் விரிப்பது, தவிலுக்கு எப்போது இடம் விடுவது, எல்லாம் அவர் முடிவு.

அப்படிப்பட்ட தலைவர்களில் முதன்மையானவர் டி.என்.ராஜரத்தினம் பிள்ளை. 1898-ல் திருமருகலில் பிறந்தவர். இயற்பெயர் பாலசுப்பிரமணியம். முதலில் வாய்ப்பாட்டு படித்துவிட்டுப் பிறகு நாதஸ்வரத்துக்கு வந்தவர். திருவாவடுதுறை ஆதீன வித்வானாக இருந்தார். தோடி என்றால் அவர்தான் என்று ரசிகர்கள் சொல்வார்கள். மணிக்கணக்கில் அந்த ஒரு ராகத்தையே வாசிப்பார். நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை போன்ற தவில் மேதைகள் அவருக்கு வாசித்தார்கள்.

சாமிக்கு முன்னால் முதலில் ஒலிப்பது நாதஸ்வரம். கல்யாணத்தில் தாலி கட்டும்போது ஒலிப்பதும் அதுதான். ஆனால் அதை வாசித்தவர்களுக்குக் கிடைத்த மரியாதை வேறு. வாய்ப்பாட்டுக்காரர் மேடையில் உட்கார்ந்து பாடுவார். நாதஸ்வரக்காரர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றுதான் வாசிக்க வேண்டும். காரணம் இசை அல்ல, சாதி.

ராஜரத்தினம் பிள்ளை இதை ஏற்கவில்லை. மேடை போட வேண்டும், அதில் உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்றார். குடுமியை எடுத்துக் கிராப்பு வைத்தார். சில்க் ஜிப்பா, ஷெர்வானி என்று உடுத்தினார். ஒத்துக்குப் பதிலாகத் தம்புராவை வைத்துக்கொண்டார். திமிர் பிடித்தவர் என்று பேசியவர்களும் உண்டு. ஆனால் அவர் கேட்டது மற்ற வித்வான்களுக்கு ஏற்கெனவே கிடைத்துக்கொண்டிருந்த அதே மரியாதையைத்தான்!

இதே காலத்தில் அமெரிக்காவிலும் இப்படி ஒருவர் இருந்தார். ட்யூக் எலிங்டன் என்ற கறுப்பின ஜாஸ் குழுத் தலைவர் 1927 முதல் நியூயார்க்கின் காட்டன் கிளப்பில் வாசித்தார். வானொலி அவர் இசையை நாடு முழுக்கக் கொண்டுபோனது. ஆனால் அந்த கிளப்பில் விருந்தினராக உட்காரும் உரிமை வெள்ளையருக்கு மட்டுமே. இசை வேண்டும், இசைத்தவர் சமமாக உட்காரக் கூடாது. இரண்டு ஊரிலும் கணக்கு ஒன்றுதான்.

ராஜரத்தினம் பிள்ளை கருவியையும் மாற்றினார். முன்பு சுருதி அதிகமான, குட்டையான திமிரி நாதஸ்வரம்தான் பெருவழக்கு. நீளமான, சுருதி குறைந்த பாரி நாதஸ்வரத்தைப் பரவலாக்கியவர் அவர். அதில் சுத்த மத்யமம் சரியாகப் பேசும்படி செய்தவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி. அந்த ஊர் நாதஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

1940-ல் எல்லிஸ் ஆர்.டங்கன் இயக்கிய 'காளமேகம்' படத்தில் அவர்தான் கதாநாயகன். நாதஸ்வரக்காரர் ஒருவரை நம்பிப் படம் எடுத்தார்கள் என்றால் அவர் புகழை யோசித்துப் பாருங்கள்.

1956 நவம்பர் 1-ல் குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. ஆறு வாரம் கழித்து, டிசம்பர் 12-ல், ராஜரத்தினம் பிள்ளை காலமானார். இன்று கல்யாண மண்டபங்களில் நாதஸ்வரக் குழு மேடை போட்டு உட்கார்ந்து வாசிப்பது நமக்குச் சாதாரணக் காட்சி. அந்த மேடை சும்மா வந்தது அல்ல. அடுத்த கல்யாணத்துக்குப் போனால் பந்திக்கு ஓடும் முன் ஐந்து நிமிடம் நின்று கேளுங்கள். வாசிப்பவர் பெயரையும் கேட்டுவிட்டு வாருங்கள்.