27 லிட்டர் காற்று

எங்கள் வீட்டு ஹாலில், டிவிக்குக் கீழே ஒரு கறுப்புப் பெட்டி படுத்திருக்கிறது. வருகிறவர்களில் பாதிப் பேர் அதைப் பழைய விசிஆர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். மீதிப் பேர் ஆம்ப்ளிஃபயர் என்று. உண்மையில் அது கம்ப்யூட்டர் கேபினட். 2014-இல் வாங்கியது. அதற்குள் இப்போது ஓடுவது மூன்றாவது மதர்போர்டு, மூன்றாவது கிராஃபிக்ஸ் கார்டு. ஹார்ட் டிஸ்க் எத்தனையாவது என்று எனக்கே நினைவில்லை.

சிஸ்டம் அசெம்பிள் செய்யப் போகிறவர்கள் பிராசசருக்காக ஒரு மாதம் மண்டையைக் குடைந்துகொள்வார்கள். ரேம் எத்தனை ஜிபி என்று நாலு பேரிடம் கேட்பார்கள். கடைசியில், பில் போடும் நேரத்தில், "ஏதாவது ஒரு கேபினட் போட்டுக் குடுங்க" என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன், மனைவி குறுக்கே வந்திராவிட்டால்.

கேம் ஆட வேண்டும், படமும் பார்க்க வேண்டும், இரண்டுக்கும் டிவியே திரை. ஆகவே கம்ப்யூட்டர் ஹாலுக்கு வந்தாக வேண்டும். "ஏங்க, அந்த டவரைக் கொண்டாந்து நடு ஹால்ல நிறுத்தப் போறீங்களா? டிவி ஸ்டாண்டுக்குள்ள அடங்கினா கொண்டாங்க, இல்லாட்டி பெட்ரூம்லயே கிடக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள். தையல் மிஷின் டிராயரிலிருந்து டேப்பை எடுத்து அளந்தேன். தட்டின் அகலம் 48 சென்டிமீட்டர், உயரம் 19, ஆழம் 40. இந்த மூன்று எண்களையும் பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டு சென்னையின் கம்ப்யூட்டர் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனேன்.

படுத்திருக்கும் கேபினட் ஒன்றும் புதுமை இல்லை. 1981-இல் வந்த ஐபிஎம் பிசி படுத்துத்தான் கிடந்தது, மானிட்டரைத் தலைமேல் சுமந்துகொண்டு. அதை எழுப்பி நிறுத்தியதெல்லாம் பிறகு நடந்தது. அந்த வம்சத்தின் அடையாளங்கள் இன்னும் போகவில்லை. கார்டு செருகும் ஸ்லாட்டுகளுக்கு இடையே 0.8 அங்குல இடைவெளி இருக்கிறதே, அது 1983-இல் வந்த ஐபிஎம் எக்ஸ்டி-யில் வைத்த அளவு. 1995-இல் இன்டெல் ஏடிஎக்ஸ் என்ற அமைப்பைக் கொண்டுவந்து, போர்டு 305-க்கு 244 மில்லிமீட்டர், திருகுத் துளைகள் இன்னின்ன இடத்தில் என்று வகுத்தபோதும் அந்த இடைவெளியைத் தொடவில்லை. மில்லிமீட்டரிலேயே கணக்குப் போடும் சீனத் தொழிற்சாலைகள்கூட இந்தப் பெட்டிக்கு மட்டும் அங்குல மரையில்தான் திருகு போடுகின்றன. எஸ்எஸ்டி-க்கு மில்லிமீட்டர் மரை, ஹார்ட் டிஸ்க்குக்கு அங்குல மரை. இரண்டையும் மாற்றிப் போட்டு மரையைத் தின்னவிடாத ஆளை நான் இன்னும் சந்திக்கவில்லை.

ஹாலுக்கென்றே செய்யப்பட்ட கேபினட்டுகளுக்கு ஒரு பொற்காலம் இருந்தது. 2002-இல் மைக்ரோசாஃப்ட், ரிமோட்டால் இயக்கக்கூடிய விண்டோஸ் மீடியா சென்டரைக் கொண்டுவந்தது. எக்ஸ்பாக்ஸ் கேம் மெஷினைத் தகிடுதத்தம் செய்து படம் பார்க்க வைத்த சில பேரின் கைவண்ணம் எக்ஸ்பிஎம்சி என்ற மென்பொருள் ஆகி, பிற்பாடு கோடி என்று பெயர் மாற்றிக்கொண்டது. சில்வர்ஸ்டோன், ஆன்டெக் போன்ற கம்பெனிகள் ஆம்ப்ளிஃபயர் முகத்தோடு கேபினட் செய்தன. அகலம் 43, 44 சென்டிமீட்டர், அதாவது ஹைஃபை பெட்டிகளின் அகலம். அதற்கும் முன்னோர் உண்டு. தொலைபேசி நிலையங்களில் கருவிகளை அடுக்கிய 19 அங்குல ரேக், திருகு மாட்டும் பக்கக் காதுகளை நீக்கிவிட்டுப் பார்த்தால் ஏறக்குறைய இந்த அளவுக்குத்தான் வந்து நிற்கும்.

நான் போன நேரத்தில் அந்தப் பொற்காலம் முடிந்துகொண்டிருந்தது. டிவியின் முதுகில் செருகும் குச்சி ஒன்று போதும், எதற்குப் பெட்டி என்ற காலம். மறுவருஷம் வந்த விண்டோஸ் 10-இல் மீடியா சென்டரே இல்லை. ரிச்சி ஸ்ட்ரீட்டில் நாலு கடையில் கையை விரித்தார்கள். ஐந்தாவது கடைப் பையன் என் டிக்கெட்டைப் பார்த்தான்.

"படுக்கிற மாடலா சார்? ஒண்ணு இருக்கு. மூணு வருஷமா மேல தூங்குது. எறக்கட்டுமா?"

"எறக்குப்பா."

ஏணி போட்டு ஏறி, ஒரு அட்டைப் பெட்டியை இறக்கினான். மேலே விரற்கடை தூசி.

அந்த அட்டைப் பெட்டி வந்த வழியை நினைத்துப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். கேபினட் என்பது சுருட்டி வைத்த இரும்புத் தகட்டில் தொடங்குகிறது. கனம் அரை மில்லிமீட்டரிலிருந்து முக்கால், சற்று மேலே. சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் டோங்குவான் பக்கம் இதற்கென்றே பிரஸ் பட்டறைகள் நிறைய. தகடு வெட்டப்பட்டு, துளை குத்தப்பட்டு, மடக்கப்பட்டு, ரிவெட் அடிக்கப்பட்டு, பவுடர் பெயின்ட் தூவப்பட்டுச் சூளைக்குள் போய் வரும். மலிவுப் பட்டறைகளில் வெட்டிய விளிம்பை மடித்துவிட மாட்டார்கள். அதனால்தான் அசெம்பிள் செய்கிறவர்களின் விரலில் எல்லாம் ஒரு கீறல் தழும்பு இருக்கும்.

பிறகு கடல். தென்சீனக் கடல், மலாக்கா நீரிணை, வங்காள விரிகுடா. 40 அடி கன்டெய்னரில் சுமார் 67 கன மீட்டர் இடம். நம் அட்டைப் பெட்டிகளை இடைவெளி இல்லாமல் அடுக்கினால் ஆயிரத்துச் சொச்சம் பிடிக்கும். ஒன்று ஆறு கிலோ என்றால் மொத்தம் ஆறு டன், ஏழு டன். அந்தக் கன்டெய்னரோ 26 டன் வரை தாங்கக்கூடியது. மிச்சமெல்லாம் காற்று. அத்தனை தூரம் கப்பலேற்றிக் காற்றைக் கொண்டுவருகிறார்கள், நாமும் அதற்கு வாடகை கொடுக்கிறோம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் பெட்டி 44-க்கு 36-க்கு 17, கிட்டத்தட்ட 27 லிட்டர். வீட்டுக்கு வருகிற தண்ணீர் கேன் 20 லிட்டர். கடையில் வரிசையாக நின்ற டவர்கள் ஒவ்வொன்றும் இரண்டு கேனுக்கு மேல்.

ஆனால் கேபினட் வாங்குவது என்றால் அந்தக் காற்றை வாங்குவதுதான் என்பது கையால் தொட்டுப் பார்த்த பிறகுதான் புரிந்தது. மேல்மூடியைக் கட்டை விரலால் அமுக்கினேன். பிஸ்கட் டின் போல 'டொக்' என்று உள்ளே போனால் தகடு மெல்லியது, ஃபேன் ஓடும்போது அதுவும் சேர்ந்து பாடும். இது போகவில்லை. ஃபேன் வைக்கும் இடம் 120 மில்லிமீட்டரா என்று பார்த்தேன். பழைய படுக்கைப் பெட்டிகளில் 80 இருக்கும். சின்ன ஃபேன் அதே காற்றைத் தள்ள இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும், படத்தில் மௌனமான காட்சி வரும்போதெல்லாம் அதன் குரல்தான் கேட்கும்.

பையன் ஒரு நல்ல விஷயம் சொன்னான். "சார், இதைவிட ஒல்லியான மாடல் பாத்து மயங்கிடாதீங்க. முழு உயர கிராஃபிக்ஸ் கார்டு அதுல நிக்காது. பாதி உயர கார்டுதான். அதுல எங்க கேம் ஆடுறது?" அவன் சொன்னது சரி. படுத்த பெட்டியில் போர்டு பாய் மாதிரி விரிந்திருக்கும், கார்டு அதன்மேல் செங்குத்தாக நிற்கும். கார்டின் உயரம் 11, 12 சென்டிமீட்டர். போர்டின் கீழே கொஞ்சம், மேலே மூடிக்குக் கொஞ்சம் சேர்த்தால் 15-க்குக் குறைந்த பெட்டி உதவாது. பிராசசரின் மேல் வைக்கும் கூலருக்கும் இதே கதி. பேர்பெற்ற நாக்டுவா என்ஹெச்-டி15 கூலரின் உயரம் மட்டுமே 165 மில்லிமீட்டர், என் பெட்டியின் மொத்த உயரம் 170. ஆகவே குள்ளமான கூலர்தான். கேம், சினிமா இரண்டும் ஒரே பெட்டியில் வேண்டும் என்கிறவன் இந்தச் சில சென்டிமீட்டர்களுக்குள்தான் பேரம் பேச முடியும்.

4,500 ரூபாய்க்கு முடிந்தது. மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் தனி. கேபினட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸை நம்பி ஒரு கம்ப்யூட்டரை ஏற்கெனவே புகையாக அனுப்பியவன் நான்.

வீட்டுக்கு வந்த முதல் வாரம் பெட்டி ஷாக் அடித்தது. பெரிதாக இல்லை, தொட்டால் புறங்கையில் எறும்பு ஊர்கிற மாதிரி. டெஸ்டரை வைத்தால் எரிந்தது. கேபினட்டைக் குறை சொல்லிக் கடைக்குப் போகக் கிளம்பிவிட்டேன். பக்கத்துத் தெரு எலக்ட்ரீஷியன் வந்து சாக்கெட்டைக் கழற்றிப் பார்த்தார். எர்த் வயர் சுருண்டு சும்மா கிடந்தது, எங்கும் இணைக்கப்படவில்லை. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் மின் இரைச்சலை வடிகட்டும் கெப்பாசிட்டர்கள் இரண்டு, கசியும் சொற்ப மின்சாரத்தை எர்த்துக்கு அனுப்பும். எர்த் இல்லாவிட்டால் அது இரும்பு உடம்பில் தங்கிவிடும். 230 வோல்ட்டில் ஏறக்குறையப் பாதி அங்கே வந்து நிற்கும். "பொட்டி நல்லாத்தான் இருக்கு சார், வீடுதான் சரியில்ல" என்றார் எலக்ட்ரீஷியன்.

டிவி ஸ்டாண்டும் சரியில்லை. அதன் பின்பக்கம் பலகை அடித்து மூடியிருந்தது. மேலே இரண்டு சென்டிமீட்டர் சந்து, பின்னால் சுவர். மே மாதம் மத்தியானம் மகன் கார் ரேஸ் ஆடினால் சூடான காற்று வெளியே போய், முட்டி, திரும்பி உள்ளேயே வரும். ஒருநாள் பொறுக்க முடியாமல் மரம் அறுக்கும் வட்ட ரம்பத்தை வாடகைக்கு வாங்கிவந்து பலகையில் இரண்டு பெரிய ஓட்டை போட்டேன். மனைவி பார்த்துக்கொண்டு நின்றாள். ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் கவலையாக இருந்தது.

பிறகு 2015 டிசம்பர், சென்னை வெள்ளம். எங்கள் வீடு வேளச்சேரியில், தரைத்தளத்தில். தண்ணீர் வாசற்படி ஏறியபோது மாடி வீட்டுக்குக் கொண்டுபோனவை: சர்டிஃபிகேட் ஃபைல், அரிசி, மிக்சி, மகனின் ஸ்கூல் பை. பெட்டியை நினைக்க நேரமில்லை. இரண்டு நாள் கழித்து இறங்கி வந்தபோது டிவி சுவரில் ஈரம் படாமல் இருந்தது, அதன் கீழே ஸ்டாண்டு ஊதிப் பிளந்திருந்தது. பெட்டியை இரண்டு கையாலும் இழுத்தேன், வரவில்லை. 27 லிட்டர் காற்று இருந்த இடத்தில் 27 லிட்டர் தண்ணீர். முன்பக்கத் துளைகள் வழியாகச் சேற்றுத் தண்ணீர் என் காலில் கொட்டிக்கொண்டே இருந்தது. போர்டு, எஸ்எம்பிஎஸ், குழந்தையின் முதல் பிறந்தநாள் வீடியோ இருந்த டிஸ்க், எல்லாம் போயிற்று. வெறும் கேபினட்டைக் குழாயடியில் போட்டு, பாத்திர சோப்பும் டூத் பிரஷும் வைத்து மூலை மூலையாகத் தேய்த்து, மொட்டை மாடியில் வடகம் காயவைக்கிற மாதிரி வெயிலில் வைத்தேன். ஃபேன் இரண்டும் மாற்ற வேண்டியிருந்தது. பின்பக்க ஸ்லாட்டுகளின் விளிம்பில், பெயின்ட் ஏறாத இடத்தில், நூல் போல ஒரு துருக்கோடு பிடித்தது. இன்னும் இருக்கிறது. 2016-இல் புதுப் போர்டு வாங்கி வைத்தபோது ஒன்பது துளையும் ஒன்பது திருகுக்கு நேராக வந்து நின்றன.

அடுத்தது 2021. கிராஃபிக்ஸ் கார்டு கிடைப்பதே அபூர்வமாக இருந்த வருஷம். நண்பர் ஒருவர் மூலம் கிடைத்ததை அளவு கேட்காமல் வாங்கிவிட்டேன். மூன்று ஃபேன் வைத்தது, 30 சென்டிமீட்டருக்கு மேல். பெட்டிக்குள் இருந்த இடம் 28. குறுக்கே நின்றது ஹார்ட் டிஸ்க் கூண்டு, ரிவெட்டால் பிடித்திருந்தது. உள்ளே இருந்ததையெல்லாம் முதலில் வெளியே எடுத்தேன். இரும்புத் துகள் ஒன்று போர்டில் விழுந்தாலும் போதும், கதை முடிந்துவிடும். நாலு ரிவெட்டையும் டிரில் வைத்துக் குடைந்து கூண்டைப் பெயர்த்தேன். கார்டு உட்கார்ந்தது. டவர் வைத்திருக்கும் நண்பர்களின் கனமான கார்டுகள் தொங்கிப்போய், கீழே குச்சி முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறார்கள். என்னுடையது நிமிர்ந்து நிற்கிறது, முட்டுக்கு வேலையில்லை.

பெட்டி வந்தபோது ஏழு வயதாக இருந்த மகனுக்கு இதைப் பார்த்தாலே இளக்காரம். "அப்பா, இது டிவிடி பிளேயர்." அவனுக்கு வேண்டியது மீன்தொட்டி மாதிரி இரண்டு பக்கமும் கண்ணாடி, உள்ளே வானவில் லைட். லியான் லியின் ஓ11 டைனமிக் 2018-இல் வந்ததிலிருந்து பையன்களுக்கு எல்லாம் அந்தக் கிறுக்கு. பார்க்க அழகுதான், நான் மறுக்கவில்லை. வாங்கிக் கொடுப்பதாகவும் சொல்லிவிட்டேன், கல்லூரி போனதும்.

போன ஜூலையில் கோயம்புத்தூரில் கொண்டுபோய் ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்தோம். மறு ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது.

"அப்பா, டேபிள்ல லேப்டாப் வச்சாலே இடம் இல்ல. மேல ஒரு ஷெல்ஃப் இருக்கு. 46 அகலம், 20 உயரம்." கொஞ்சம் நிறுத்தினான். "நம்ம பழைய பொட்டி எவ்வளவுப்பா?"

"44, 17."

"அப்ப போகும்."

"ஆழம் அளந்தியா?"

"40."

"பெட்டி 36. பின்னாடி என்ன, சுவரா? ஒயருக்கு அதுலயே இடம் போயிடும். காத்து எப்படிப் போகும்?"

"இருங்க, பாக்குறேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறும் சத்தம் கேட்டது.