இறுவட்டிலிருந்து கணினிக் கோப்புக்கு: படச்சுருக்கம் வளர்ந்த கதை



நம் தமிழ்ப்பள்ளிகளின் அலமாரிகளிலும் பெற்றோர்களின் இல்லங்களிலும் 2000ஆம் ஆண்டுகளில் பதிவுசெய்யப்பட்ட டிவிடி வட்டுகள் அடுக்கிக் கிடக்கின்றன. விளையாட்டுப் போட்டி, பொங்கல் விழா, பரிசளிப்பு விழா, ஆறாம் ஆண்டு மாணவர்களின் பிரியாவிடை எனப் பலவும் அவற்றில் உள்ளன. தோட்டத்திலிருந்து இடம்பெயர்ந்த ஒரு பள்ளியின் பழைய பலகைக் கட்டடத்தை அசையும் படமாகக் காண வேறு வழி இல்லாமலும் இருக்கலாம். இன்று விற்பனையாகும் மடிக்கணினிகளில் பெரும்பாலானவற்றில் வட்டு இயக்கி கிடையாது. வீட்டில் பதியும் டிவிடி-ஆர் வட்டின் பதிவுப் படலமோ கரிமச் சாயத்தால் ஆனது. வெப்பமும் ஈரமும் ஒளியும் அதனைச் சிதைக்கும். நம் நாட்டில் முதலிரண்டுக்கும் பஞ்சமில்லை!

எனவே இவ்வட்டுகளைக் கணினிக் கோப்புகளாக மாற்றியாக வேண்டும். அதற்குரிய மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அவை நம் கைக்கு வந்த வரலாற்றை அறிந்தால், வேலையின் நுட்பமும் விளங்கும் என்பதால் இதனை எழுதுகிறேன்.

முதலில் ஒரு சிறு கணக்கு. நம் நாட்டில் வழங்கிய பால் முறைப்படி, டிவிடியின் ஒரு படச்சட்டத்தில் 720க்கு 576 புள்ளிகள் உண்டு. நொடிக்கு 25 சட்டங்கள். நிறத்தகவலைக் குறைத்துச் சேமித்தாலும், ஒரு நொடிக்கு ஏறத்தாழ 15.5 மெகாபைட் தேவைப்படும். ஓர் ஒற்றையடுக்கு வட்டின் கொள்ளளவு 4.7 கிகாபைட். சுருக்காமல் பதிந்தால் ஐந்து நிமிடங்களில் வட்டு நிரம்பிவிடும். அதே வட்டில் இரண்டு மணிநேர விழாவைப் பதிய முடிந்ததென்றால், அது சுருக்கத்தின் பயனே ஆகும்.

இச்சுருக்கத்திற்கு வித்திட்டவர் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது, 1972ஆம் ஆண்டில் ஒரு புதிய கணித உருமாற்றத்தை ஆராய நிதியுதவி கோரினார். கருத்து மிக எளிமையாக இருக்கிறதென்று விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அவர் மனந்தளரவில்லை. தம் மாணவர் டி. நடராசன், நண்பர் கே. ஆர். ராவ் ஆகியோருடன் இணைந்து ஆராய்ந்து, 1974 சனவரியில் கட்டுரையை வெளியிட்டார். அதுவே தனித்த கொசைன் உருமாற்றம் எனப்படுவது. படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரித்து, கண் கூர்ந்து காணாத நுண்விவரங்களைத் தளர்த்த இக்கணிதம் வழிசெய்தது. எளிமை என்று ஒதுக்கப்பட்ட அக்கருத்துதான் பின்னர் ஜேபெக் படங்களுக்கும் எம்பெக் காணொளிகளுக்கும் அடிப்படையாயிற்று. இச்செய்தியை நம் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

1988ஆம் ஆண்டில் எம்பெக் குழு அமைந்தது. இக்குழுவின் நியமங்கள் இன்னொரு சிக்கனத்தையும் கையாண்டன. மேடையில் பிள்ளைகள் ஆடும்போது பின்திரை அசைவதில்லை. ஒவ்வொரு சட்டத்திலும் திரையை மீண்டும் எழுதுவானேன்? மாறியதை மட்டும் எழுதினால் போதும். எம்பெக்-1 நியமம் 1993இல் விசிடியைத் தந்தது. எம்பெக்-2 நியமத்தைக் கொண்ட டிவிடி, 1996 நவம்பரில் சப்பானில் விற்பனைக்கு வந்தது.

அடுத்து வந்தது எம்பெக்-4. 1999ஆம் ஆண்டளவில், பிரான்சு நாட்டு ஜெரோம் ரோட்டா, மைக்ரோசாப்டின் எம்பெக்-4 நிரலை மாற்றியமைத்து டிவ்எக்ஸ் என்று பரப்பினார். 2001இல் அதன் திறந்த வடிவம் வெளியாகிப் பின் மூடப்பட்டது. தன்னார்வலர்கள் அதனைத் தொடர்ந்து வளர்த்து எக்ஸ்விட் என்று பெயரிட்டனர். டிவ்எக்ஸின் ஆங்கில எழுத்துகளைப் பின்னிருந்து படித்தால் அப்பெயர் வரும். ஃபாப்ரிஸ் பெல்லார்ட் 2000இல் தொடங்கிய எஃப்எஃப்எம்பெக்கும், ஏவரி லீ உருவாக்கிய விர்ச்சுவல்டப்பும் அக்காலத்தவையே. அந்நாளில் வட்டைப் படிக்க ஒன்று, ஒலியைப் பிரிக்க ஒன்று, சுருக்க ஒன்று எனப் பல மென்பொருள்கள் தேவைப்பட்டன. எரிக் பெத்தி 2003இல் தொடங்கிய ஹேண்ட்பிரேக் இப்படிகளை ஒரே சாளரத்தில் இணைத்தது. அவ்வாண்டே எச்.264 நியமமும் வெளிவந்தது. அதற்கெனத் தன்னார்வலர்கள் எழுதிய எக்ஸ்264 நிரலையே ஹேண்ட்பிரேக் பயன்படுத்துகிறது.

இனிச் செய்முறை. வட்டில் உள்ள 'வீடியோ டிஎஸ்' என்னும் கோப்புறையை அப்படியே கணினிக்குப் படியெடுங்கள். நாமே பதிந்த வட்டுகளில், திரைப்பட வட்டுகளில் இருப்பது போன்ற பூட்டு இராது. பின் ஹேண்ட்பிரேக்கில் அக்கோப்புறையைத் திறந்து, எம்பி4 வடிவையும் எச்.264 நியமத்தையும் தேருங்கள். தர எண்ணை 18க்கும் 22க்கும் இடையில் வையுங்கள். எண் குறையக் குறையத் தரம் உயரும், கோப்பும் பெருக்கும். ஓடும் பிள்ளைகளின் ஓரங்களில் சீப்புப் பற்களைப் போன்ற கோடுகள் தெரிந்தால், 'டிஇன்டர்லேஸ்' வடிகட்டியை இயக்குங்கள். பழைய ஒளிப்பதிவுக் கருவிகள் ஒற்றைப்படை வரிகளையும் இரட்டைப்படை வரிகளையும் தனித்தனியே பதிந்ததால் தோன்றுவன அக்கோடுகள்.

ஒன்றை மறவாதீர்கள். சுருக்கம் என்பது தகவலை நீக்குவது. நீக்கியது திரும்ப வராது. சுருக்கிய கோப்பையே மீண்டும் மீண்டும் சுருக்கினால், முகங்கள் கட்டங்கட்டமாகச் சிதையும். ஆகவே எம்பி4 கோப்பு பகிர்வதற்கு; மூலக் கோப்புறை பாதுகாப்பதற்கு. மூலத்தை இரண்டு வன்தட்டுகளில், இரண்டு இடங்களில் வையுங்கள். கோப்பின் பெயரில் பள்ளி, நிகழ்ச்சி, ஆண்டு மூன்றையும் எழுதுங்கள்.

இவ்விடுமுறையில் அலமாரியைத் திறந்து, மிகப் பழைய வட்டிலிருந்து தொடங்குங்கள். படத்தில் இருப்போர் யார் யார் என்று சொல்லக்கூடிய மூத்த ஆசிரியர்களையும் அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள்.