தட்டிலிருந்து உரைக்கு: லில்லிபாண்ட் மென்பொருளும் இசைச் செதுக்கல் மரபும்

ஆய்வுச் சுருக்கம்

மேற்கத்திய இசையை அச்சேற்றுவதற்காக ஐரோப்பாவில் வளர்ந்த தட்டுச் செதுக்கல் தொழில், இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் கணினியின் வரவால் மறையத் தொடங்கியது. அத்தொழிலின் அறிவை விதிகளாக எழுதி, எளிய உரையிலிருந்து இசைத்தாளை உருவாக்கும் நோக்குடன் 1996-ஆம் ஆண்டு நெதர்லாந்து நாட்டவர் இருவர் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் லில்லிபாண்ட். அதன் முன்வரலாறு, தோற்றம், செயல்முறை ஆகியவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. இசையை உரையாக எழுதச் செய்ததைவிட, கைவினைஞரின் கண்ணறிவை எவரும் படித்துத் திருத்தக்கூடிய உரையாக மாற்றியதே லில்லிபாண்டின் முதன்மைப் பங்களிப்பு என்பது இதன் கருதுகோள். உரைவடிவம் மட்டுமே ஓர் ஆவணத்திற்கு நீண்ட ஆயுளைத் தந்துவிடாது என்பதும் இதில் சுட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: இசைக்குறியீடு, தட்டுச் செதுக்கல், கட்டற்ற மென்பொருள், லில்லிபாண்ட், எளிய உரை, ஆவணப் பாதுகாப்பு.

1. முன்னுரை

கருநாடக இசையைப் பயில்வோர்க்கு இசையை எழுத்தால் குறிப்பது புதிதன்று. ச, ரி, க, ம என்னும் எழுத்துகளும் கால நீட்டத்தைக் காட்டும் காற்புள்ளி, அரைப்புள்ளிகளும் பெரும்பாலும் வழக்கமான அச்செழுத்துகளாலேயே கோக்கத்தக்கவை. மேற்கத்திய ஐங்கோட்டு முறையின் இயல்பு வேறு. அதில் சுரத்தின் உயரத்தை அது கோடுகளின்மீது நிற்கும் இடம் காட்டும். கால அளவை அதன் தலையும் தண்டும் வாலும் காட்டும். ஒரே நேரத்தில் ஒலிக்கும் குரல்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரே செங்குத்தில் அமைதல் வேண்டும். ஆகவே அத்தகைய தாள் பாதி எழுத்தாகவும் பாதி வரைபடமாகவும் விளங்குகிறது. இந்த இரட்டைத் தன்மையே இசை அச்சின் வரலாறு முழுவதும் சிக்கலாக இருந்துவந்துள்ளது.

2. தட்டும் உளியும்

ஒட்டாவியானோ பெத்ருச்சி 1501-ஆம் ஆண்டு வெனிசில் அசையும் அச்சுருக்களைக் கொண்டு பல்குரல் இசைத் தொகுப்பை வெளியிட்டார். கோடுகளும் சுரங்களும் தனித்தனியே அச்சிடப்பட்டமையால் ஒரே தாள் ஒன்றுக்கு மேற்பட்ட முறை அச்சுப்பொறியில் ஏற வேண்டியிருந்தது. கால் நூற்றாண்டுக்குப் பின் பாரிசில் பியர் அத்தைஞான், ஒவ்வோர் அச்சுருவிலும் சுரத்தோடு கோட்டுத் துண்டுகளையும் சேர்த்து வார்த்து, ஒரே அழுத்தத்தில் அச்சிடும் முறையைப் பரப்பினார். செலவு குறைந்தது, ஆனால் துண்டுகளின் இடைவெளியால் கோடுகள் அறுபட்டுத் தோன்றின. ஒரே நேரத்தில் பல சுரங்கள் அடுக்காக ஒலிக்கும் இசையை இம்முறையில் கோப்பதும் கடினமாயிற்று.

இக்குறைகளைத் தீர்த்தது உலோகத் தட்டுச் செதுக்கல். செதுக்குநர் ஐந்து முனை கொண்ட கருவியால் தட்டில் ஐங்கோட்டை இழுப்பார். சுரத்தலைகளையும் பிற குறிகளையும் எஃகு முத்திரைகளை வைத்துச் சுத்தியலால் பதிப்பார். தண்டுகள், வளைவுகள் முதலியவற்றை உளியால் வெட்டுவார். இவை அனைத்தும் வலம் இடமாக மாறிய கண்ணாடி வடிவில் நிகழ வேண்டும். தட்டில் கைவைக்கும் முன்பே, ஒரு வரியில் எத்தனை தாளப் பகுதிகள் அடங்கும், வாசிப்பவர் தாளைத் திருப்ப ஓய்விடம் எங்கே அமையும் என்பனவற்றைக் கணித்துத் தட்டில் அடையாளமிட்டுக்கொள்வார். பிழை நேரின் தட்டைப் பின்புறமிருந்து தட்டிச் சமன்செய்து மீண்டும் வெட்டுதல் வேண்டும்.

இத்தொழிலறிவு பல்லாண்டுப் பயிற்சியின் வழியே ஆசானிடமிருந்து மாணவனுக்குச் சென்றது. கார்ல் ஹாடர் 1948-இலும், டெட் ராஸ் 1970-இலும் வெளியிட்டவை போன்ற கையேடுகள் அதன் ஒரு பகுதியைப் பதிவுசெய்தன. எனினும் ‘கண்ணுக்குச் சரியாகத் தோன்றும்வரை’ என்னும் அளவுகோல் எந்த நூலிலும் முழுமையாக அடங்கவில்லை. கணினி வந்து செதுக்குநர் பட்டறைகள் மூடப்பட்டபோது இழக்கப்படும் நிலையில் இருந்தது இந்த எழுதப்படாத பகுதியே.

3. முன்னோடி முயற்சிகள்

இசையை விசைப்பலகையின் எழுத்துகளால் குறிக்கும் முயற்சி கணினியின் தொடக்கக் காலத்திலேயே எழுந்தது. துளையட்டைகளில் இசையைப் பதியும் டார்ம்ஸ் முறையை ஸ்டீஃபன் பாவர்-மெங்கல்பெர்க் 1960-களில் உருவாக்கினார். அதே பத்தாண்டில் பேரி புரூக்கும் மறே கூல்டும் வகுத்த ‘பிளைன் அண்ட் ஈசி’ குறியீடு, நூலகப் பட்டியல்களில் ஓர் இசைப்படைப்பின் தொடக்க அடியைச் சுட்டப் பயன்பட்டது; பன்னாட்டு இசை மூலங்களின் பட்டியலான ரிஸ்ம் இன்றும் அதனைக் கையாள்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் லீலண்டு ஸ்மித் உருவாக்கிய ‘ஸ்கோர்’, எழுத்து உள்ளீட்டிலிருந்து பதிப்பகத் தரமுடைய தாள்களை அளித்தது. ஆனால் அதன் மூலநிரல் பொதுவில் இல்லை.

மறுபுறம், டொனால்டு நூத் 1978-இல் வெளியிட்ட டெக்ஸ் என்னும் கட்டற்ற அச்சுக்கோப்பு மென்பொருள், கணிதவியல் நூல்களின் அச்சுத்தரத்தை மீட்டது. ஒரு பத்தியின் எல்லா வரிகளையும் ஒருசேர நோக்கி எங்கே முறிப்பது என்று முடிவுசெய்யும் படிமுறையை நூத்தும் மைக்கேல் பிளாசும் 1981-இல் வெளியிட்டனர். டெக்சின்மீது இசைக்கான முயற்சிகள் சில எழுந்தன. அவற்றுள் டேனியல் தோப்பாங் உருவாக்கிய மியூசிக்டெக்சும் அதன்வழி வந்த மியூசிக்ஸ்டெக்சும் குறிப்பிடத்தக்கவை. அவற்றில் சுரங்களுக்கு இடையே எவ்வளவு இடம் விடுவது என்பதைப் பயனரே கட்டளையிட வேண்டும். அதாவது, இசையை எழுத அமர்ந்தவர் செதுக்குநரின் வேலையையும் மேற்கொள்ள வேண்டியிருந்தது. நாட்டுப்புறப் பாடல்களுக்காகக் கிறிஸ் வால்ஷா வகுத்த ஏபிசி குறியீடு கற்க எளிதாயினும் அதன் நோக்கம் ஒற்றை வரி மெட்டுகளே.

4. லில்லிபாண்டின் தோற்றம்

இசைக்கலைஞர்களும் நிரலாளர்களுமாகிய ஹான்-வென் நீன்ஹாய்ஸ், யான் நியூவென்ஹாய்சன் ஆகிய இருவரும் முதலில் மியூசிக்ஸ்டெக்சுக்கு உள்ளீட்டை ஆயத்தம் செய்யும் ஒரு முன்செயலியையே எழுதினர். அடித்தளத்தின் வரம்புகள் தெளிவான பின் அதனைக் கைவிட்டு, 1996-இல் புதிய மென்பொருளைத் தொடங்கினர். 1.0 பதிப்பு 1998-இலும் 2.0 பதிப்பு 2003-இலும் வெளிவந்தன. க்னூ திட்டத்தின் பகுதியாகப் பொது உரிமத்தின்கீழ் வெளியிடப்பட்டமையால், அதன் மூலநிரலைப் படிக்கவும் மாற்றவும் மறுவெளியீடு செய்யவும் எவருக்கும் உரிமை உண்டு.

அதன் உள்ளீட்டு முறை சுருக்கமானது. சுரத்தின் ஆங்கில எழுத்து முதலில் வரும். அடுத்து வரும் எண் கால அளவைச் சுட்டும். 1 என்பது முழுச் சுரம், 2 அரை, 4 கால், 8 அரைக்கால், 16 வீசம். எண் எழுதப்படாவிடின் முந்தைய அளவே தொடரும். மேற்கோட்குறி ஒன்று சேர்ந்தால் சுரம் ஒரு ஸ்தாயி மேலேறும். காற்புள்ளி சேர்ந்தால் ஒரு ஸ்தாயி இறங்கும். தண்டு மேல்நோக்கி நிற்பதா, கீழ்நோக்கி நிற்பதா, வரி எங்கே முறிவது, இரு சுரங்களுக்கு இடையே எத்தனை மில்லிமீட்டர் என்பனவற்றைப் பயனர் எழுத வேண்டியதில்லை. அவற்றை மென்பொருளே முடிவுசெய்யும். விரும்பினால் பயனர் தலையிட்டு மாற்றலாம். ‘எது ஒலிக்கிறது’ என்பதும் ‘எப்படித் தோன்றுகிறது’ என்பதும் இவ்வாறு பிரிக்கப்பட்டன. செதுக்குநரிடம் கையெழுத்துப் படியைக் கொடுத்துவிட்டு அகன்ற இசையமைப்பாளரின் நிலை பயனருக்கு மீண்டும் கிட்டியது.

5. கண்ணறிவு விதியான விதம்

இப்பிரிவினை பயன்தர வேண்டுமெனில் மென்பொருள் செதுக்குநரைப்போல் முடிவெடுக்க வேண்டும். அதற்காக அவர்கள் கைச்செதுக்கல் பதிப்புகளை அளவுகோலாகக் கொண்டனர். பாக்கின் முதலாம் செல்லோ தொகுப்பின் இரு பதிப்புகளை லில்லிபாண்டின் ஆவணம் ஒப்பிடுகிறது: ஒன்று 1950-ஆம் ஆண்டின் பேரன்ரைட்டர் கைச்செதுக்கல் பதிப்பு, மற்றொன்று 2000-ஆம் ஆண்டின் கணினிப் பதிப்பு. கணினிப் பதிப்பில் கோடுகள் மெலிந்தும் குறிகள் இறுக்கமாகவும் உள்ளன. வரிதோறும் பகுப்புக்கோடுகள் ஒரே செங்குத்தில் விழுவதால், தாளிலிருந்து கண்ணை எடுத்த வாசிப்பாளர் விட்ட இடத்தைக் கண்டுபிடிக்கத் தடுமாறுவார். கைவினைத் தாளின் சிறு ஒழுங்கின்மை வாசிப்புக்குத் துணையாக இருந்தது என்பது இவ்வொப்பீட்டால் புலனாகிறது.

இடைவெளி குறித்த விதி மற்றொரு சான்று. அரைச் சுரம் கால் சுரத்தைப்போல் இருமடங்கு நேரம் ஒலிக்கும். ஆனால் தாளில் அதற்கு இருமடங்கு இடம் தந்தால் தாள் வெறுமையாகத் தோன்றும். கால அளவு இரட்டிக்கும்போதெல்லாம் ஒரு குறிப்பிட்ட அளவு இடத்தை மட்டும் கூட்டுவது செதுக்குநர் மரபு. லில்லிபாண்ட் இதனை நேரடியாக விதியாக்கியது. மேல்நோக்கிய தண்டை அடுத்துக் கீழ்நோக்கிய தண்டு வரும்போது, அளவில் சமமான இடைவெளியும் கண்ணுக்குக் குறுகித் தோன்றும். ஆகவே அங்கே சிறிது இடம் கூட்டப்படுகிறது. வளைவுக்கோடுகளை வரைய, இயலக்கூடிய பல வடிவங்களை உருவாக்கி, ஒவ்வொன்றின் குறைகளுக்கும் தண்டப் புள்ளிகள் இட்டு, குறைந்த புள்ளி பெற்றதைத் தேர்ந்தெடுக்கிறது. வரி முறிப்பில் நூத், பிளாஸ் ஆகியோரின் கருத்து இசைக்கு விரிவாக்கப்பட்டுள்ளது. இசைக்குறிகளின் எழுத்துருவும் எட்டு வெவ்வேறு அளவுகளுக்குத் தனித்தனியே வரையப்பட்டது. சிறிய அளவில் குறிகள் சற்றுத் தடித்திருந்தால்தான் படிக்க இயலும்.

ஒரு விதியை மாற்றினால் வேறோர் இடத்தில் தாள் கெட்டுவிடக்கூடும். அதனைக் கண்டறிய, ஏராளமான சிறு இசைத் துண்டுகளைப் பழைய, புதிய பதிப்புகளில் உருவாக்கி இரண்டையும் ஒப்பிடும் சோதனைமுறை பின்பற்றப்படுகிறது. பட்டறையில் ஆசான் மாணவனின் தட்டைப் பார்த்துத் திருத்திய இடத்தை இச்சோதனை எடுத்துக்கொண்டது. வேறுபாடு யாதெனில், ஆசானின் தீர்ப்பு அவரோடு மறைந்தது; இங்கே தீர்ப்பும் அதன் காரணமும் எழுத்தில் நிற்கின்றன.

6. உரையின் ஆயுள்

எளிய உரையின் மற்றொரு சிறப்பு அதன் நிலைபேறு. 1988 முதல் விற்பனையிலிருந்த ஃபினாலே மென்பொருளின் வளர்ச்சியை நிறுத்துவதாக அதன் நிறுவனம் 2024 ஆகஸ்டில் அறிவித்தது. அதில் பல்லாண்டுகள் எழுதப்பட்ட கோப்புகளை, அம்மென்பொருள் இயங்கும்வரையில் பரிமாற்ற வடிவத்திற்கு மாற்றிக்கொள்ள வேண்டிய நிலை பயனர்களுக்கு ஏற்பட்டது. உரைக்கோப்பை எந்தத் தொகுப்பானிலும் திறக்கலாம். இரு படிகளின் வேறுபாட்டை வரிவரியாகக் காணலாம். பதிப்புரிமை முடிந்த படைப்புகளையும் படைப்பாளர் விரும்பி வழங்கியவற்றையும் லில்லிபாண்ட் மூலத்தோடு வழங்கும் முட்டோப்பியா திட்டம், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இசைத்தாள்களைச் சேர்த்திருப்பது இதனால் இயன்றது.

ஆயினும் இந்நிலைபேற்றை மிகைப்படுத்தலாகாது. லில்லிபாண்டின் இலக்கணமே பதிப்புக்குப் பதிப்பு மாறியுள்ளது. அதனால் ஒவ்வொரு கோப்பும் தான் எழுதப்பட்ட பதிப்பெண்ணைத் தலைப்பில் சுட்ட வேண்டும் என்னும் வழக்கமும், பழைய கோப்பைப் புதிய இலக்கணத்திற்கு மாற்றும் துணைநிரலும் தேவைப்பட்டன. அம்மாற்றம் எப்போதும் முழுமையாகத் தானியங்கியாக நிகழ்வதில்லை. மென்பொருளின் ஒரு பகுதி கைல் என்னும் நிரல்மொழிச் செயலியைச் சார்ந்தது. கைல் 2.0 வெளிவந்த 2011-க்குப் பின்னும் பல்லாண்டுகள் பழைய 1.8-ஐயே சார்ந்திருந்து, 2022-இல் வெளியான 2.24 பதிப்பில்தான் கைல் 2.2-க்கு மாறிற்று. மேலும், லில்லிபாண்டின் உள்ளீடு இசையோடு நிரலையும் ஏற்கும். விக்கிப்பீடியாவில் 2013 முதல் இசைத்தாள்களை உருவாக்கிவந்த இணைப்பு, இத்தகைய நிரலாற்றலால் எழுந்த பாதுகாப்புச் சிக்கல் காரணமாக 2020-இல் நிறுத்தப்பட்டு, தனிமைப்படுத்தப்பட்ட சூழலில் 2021-இல் மீண்டும் செயற்படுத்தப்பட்டது. ஆகவே உரையின் ஆயுள் அதனைப் பேணும் மனிதர்களின் தொடர் உழைப்பைச் சார்ந்தே அமைகிறது. மூலநிரல் பொதுவில் இருப்பதால் அவ்வுழைப்பை யாரும் மேற்கொள்ளலாம் என்பதே கட்டற்ற மென்பொருள் அளிக்கும் காப்பு.

7. முடிவுரை

லில்லிபாண்ட் அனைவர்க்கும் உரியதாக அமையவில்லை. எழுதும்போதே திரையில் தாளைக் காண விரும்பும் இசையமைப்பாளருக்கு, மியூஸ்ஸ்கோர் போன்ற காட்சிவழி மென்பொருள் எளிது. அதுவும் கட்டற்ற மென்பொருளே. கட்டளைகளைக் கற்பதற்குச் செலவாகும் காலம் பலரைத் தடுத்துள்ளது. சிக்கலான தாள்களில் கையால் திருத்தும் தேவையும் முற்றிலும் நீங்கவில்லை.

எனினும் வரலாற்று நோக்கில் அதன் இடம் தனித்தது. தட்டுச் செதுக்கல் மறையும் தறுவாயில், அதன் விளைபொருளைப் போலச்செய்வதோடு நில்லாமல், அவ்விளைபொருள் ஏன் அழகாக இருந்தது என்னும் வினாவை அது எழுப்பியது. கிடைத்த விடைகளை ஒவ்வொரு விதியாக எழுதிவைத்தது. ஒரு கைத்தொழில் மறையும்போது அதன் கருவிகளையும் பொருள்களையும் அருங்காட்சியகம் காக்கும். அத்தொழிலாளி ஒரு சுரத்தை ஏன் ஒரு நூலளவு தள்ளிவைத்தார் என்பதை அருங்காட்சியகத்தால் காக்க இயலாது. அதனைக் காக்கும் வழிகளுள் ஒன்று, பிறர் படித்துச் சோதித்து மறுக்கவும் இடந்தரும் விதியாக அதனை எழுதுவது என்பதற்கு லில்லிபாண்டின் வரலாறு சான்றாகிறது.